உப்பு லாரி

பனிக்காலம் முழுக்க நான் உப்பிடுவது சாலைக்கு.
மார்ச் பிறந்ததும் அதே லாரி
வென்டெல் ஹாக்ஸியின் காலி நிலத்துக்குப் போகும்.
காலி என்றால் அவருக்குக் கோபம் வரும்.
அது படுக்கை என்பார்.
டூஷி பள்ளத்தாக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்,
ஆஸ்பத்திரியில் கட்டிலைக் காட்டுவதுபோல
கையை நீட்டி.

புல் முளைக்காத வெளுத்த மண்.
அடியில் புதைத்த குழாய்களில் தண்ணீர் கசியும்.
மேலே உப்பு பொருக்குத்தட்டி
அந்த ஈரத்தை மூடிவைக்கும்.
பொருக்குக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில்
போன கோடையில் தின்று முடித்த புழுக்கள்,
கண்ணும் சிறகும் இன்னும் வராமல்,
அறைக்கு ஒன்றாக மடங்கிக் கிடக்கின்றன.

இந்தத் தேனீக்களுக்கு ராணி கிடையாது.
சேர்த்துவைக்கத் தேன் கிடையாது,
திரண்டு வந்து கொட்டும் வீரமும் கிடையாது.
ஆயிரமாயிரம் வாசல்,
வாசலுக்கு ஒருத்தி.

ஜூனில் முதலில் வருவது ஆண்கள்.
தரையை ஒட்டி இங்குமங்கும் அலைவார்கள்,
வராத பேருந்துக்கு நேரத்தோடே வந்துவிட்டவர்கள் மாதிரி.
சில நாள் கழித்துத்தான் பெண்கள்.
கறுத்த வயிற்றில் சிப்பியின் உள்பக்கம்போல வளையங்கள்;
பச்சையா நீலமா என்பதை
அவள் திரும்பும் விதம்தான் சொல்லும்.

குதிரைமசால் பூவை எனக்குக் காட்டியவள் ரெனேட்டா,
வென்டெலின் மருமகள், பண்ணைக் கணக்கு அவள் கையில்.
பென்சில் முனையால் இதழை அழுத்தினாள்.
உள்ளிருந்து ஒரு தண்டு எகிறிப்
பட்டென்று அடித்தது.
அறைபட்டால்தான் விதை.
கலிஃபோர்னியாவிலிருந்து பெட்டியோடு வந்திறங்கும் தேனீக்கள்
இரண்டொரு முறை தாடையில் வாங்கிக்கொண்டு
அப்புறம் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத்
தேனை மட்டும் எடுக்கக் கற்றுவிடுமாம்.
"புத்திசாலிகள்," என்றாள் ரெனேட்டா,
"புத்திசாலிகளை வைத்து நான் விதை மூட்டை கட்ட முடியாது."

உப்புமண்காரி அடி வாங்குகிறாள்.
அடுத்த பூ.
அடி.
அடுத்த பூ.
பல நடை நடந்து பயறளவு ஓர் உருண்டை,
அதன்மேல் வளைவாக ஒரு முட்டை,
மண்ணால் கதவு.
அந்தக் கதவு திறக்கும் நாளில்
அவள் இருக்கமாட்டாள். ஆறு வாரம்தான் அவளுக்கு.

பண்ணைச் சாலையில் பலகை நிற்கிறது:
மணிக்கு இருபது மைல்.
தாழப் பறப்பவர்களுக்காக.
யாரோ துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள் அதை.
கம்பத்தின் ஆணித்துளைக்குள்
இலைவெட்டித் தேனீ ஒருத்தி
ரோஜா இலையை வட்டமாக நறுக்கித் திணித்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு உப்பும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம்,
அரசாங்கம் விட்டுவைத்த ஓட்டை போதும்.

போன ஆண்டு ஜூன் கடைசியில் மழை.
உப்பு விற்கப் போனால் மழை என்பது
விற்பவர் கவலை.
இது உப்புக்கு அடியில் இருப்பவர்களின் கவலை.
மூன்று நாள் பெய்தது.
நான்காம் நாள் வென்டெல் ஒரு மண்கட்டியைப் பெயர்த்து
முழங்காலில் வைத்து
பேனாக்கத்தியால் அறை அறையாகத் திறந்தார்.
பூசணம். பூசணம். பூசணம்.
ஒன்றில் மட்டும் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.
கட்டியை அதே பள்ளத்தில், அதே பக்கம் மேலாக,
திரும்ப வைத்து அமுக்கினார்.
அடுத்த மார்ச்சுக்கு எத்தனை டன் என்று கேட்டேன்.
வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.
"வழக்கம்போல," என்றார்.

நான் அங்கே நின்றபோது
வேர்வை குடிக்க ஒருத்தி மணிக்கட்டில் உட்கார்ந்தாள்.
கையை ஆட்டாமல் இருந்தேன்,
லாரியின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது,
டீசல் என் காசு.

இப்போது ஜனவரி.
பின்பக்கம் உப்பு சிதற
அதே சாலையில் இருபதில் போகிறேன்.
பறப்பது ஒன்றுமில்லை, பனி தவிர.
பின்னால் வருபவன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.
விளக்கொளியில் பலகை வந்து போகிறது.
ஆணித்துளையில் இலை பழுப்பாகிவிட்டது.
மூடியே இருக்கிறது.